விடையும் விளையாட்டும்

மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்து ஆச்சி ஒருத்தி பேரப்பிள்ளைகளுக்கு நொடி போடுகின்றாள். பிள்ளைகள் சிந்திக்கின்றனர். சிறிது நேரம் கழிகின்றது. பொறுமையிழந்த ஒரு பிள்ளை, "விடையைச் சொல்லிப்போடுங்கோ ஆச்சி" என்கின்றது. இன்னொரு பிள்ளை, "விடை வேண்டாம், சின்னக் குறிப்பொன்று மட்டும் தாங்கோ" என்கின்றது. மூன்றாவது பிள்ளையோ இரு செவிகளையும் பொத்திக்கொண்டு, "ஒருதரும் சொல்லக்கூடாது, நானே கண்டுபிடிப்பன்" என்று கூவுகின்றது. மூவரும் இருப்பது ஒரே திண்ணை. முதற்பிள்ளைக்காக ஆச்சி விடையை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், செவி பொத்திய பிள்ளையின் விரலிடுக்கு வழியாகவும் அது புகுந்துவிடும். அறியாதிருந்து அறியும் இன்பம் ஒரு நொடிக்கு ஒருமுறையே உரியது. போனால் திரும்பி வாராது.

இணைய விளையாட்டுக்களைக் குறித்து இந்நாளில் எழுந்துள்ள வழக்கொன்றும் இத்திண்ணை வழக்கைப் போன்றதே. விளையாட்டுக்கு உள்ளேயே வைக்கப்படும் வழிகாட்டிக் குறிப்புக்கள் ஆட்டத்தின் அறைகூவலைக் கெடுக்கின்றனவா, அன்றி ஆட்டக்காரருக்குத் துணை புரிகின்றனவா என்பதே அவ்வழக்கு.

இவ்விளையாட்டுக்களை வீட்டுப் பிள்ளைகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த அளவில் நிற்கும் நேயர்களும் உளராதலின், பொருளை முதலில் விளக்குதல் தகும். பல நாட்டிலும் உள்ள மக்கள், கணினியின் முன்னமர்ந்தோ கைத்தொலைபேசியைக் கையிற் பிடித்தோ, இணையத்தின் வாயிலாக ஒரே கற்பனையுலகிற் புகுந்து, ஒருவரோடொருவர் கூடியும் எதிர்த்தும் ஆடுவது இணைய விளையாட்டாகும். அவ்வுலகில் தேட வேண்டிய பொருள்கள் உண்டு. கடக்க வேண்டிய காடுகளும் குகைகளும் உண்டு. வெல்ல வேண்டிய அரக்கரும் உண்டு. தேடும் பொருள் கிடக்குமிடத்தைப் படத்திற் குறித்துக் காட்டுதல், அரக்கன் எவ்வெத் தந்திரங்களைக் கையாள்வான் என முன்கூட்டியே அட்டவணையிட்டுத் தருதல், அடுத்து அழுத்த வேண்டிய விசை இதுவென ஒளியூட்டிச் சுட்டுதல் ஆகிய இவையே விளையாட்டினுள் அமைந்த வழிகாட்டிகள்.

இவற்றை வெறுப்போர் கூறுவது இது: இடர்ப்பட்டு வழி கண்டுபிடித்தலே விளையாட்டு, வழியை முன்னரே எழுதிக் கொடுத்தால் எஞ்சுவது கைவேலையே. விரும்புவோர் கூறுவது வேறு: பகல் முழுதும் உழைத்து இரவில் ஒரு மணி நேரம் ஆட அமர்வோன், அந்த ஒரு மணி நேரத்தையும் இருட்குகையில் சுவரைத் தடவிக்கொண்டே கழிக்க வேண்டுமா? இரு திறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. அவ்வுண்மை எங்கே முடிகின்றது என்பதைக் காண்பதற்கு இவ்விளையாட்டுக்களின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் பயனுடைத்து.

கணினி விளையாட்டுக்குள் குறிப்பு வைக்கும் வழக்கம் புதியதன்று. அமெரிக்காவில் வில் குறோதர் என்னும் நிரலாளர் குகைகளை ஆராய்வதிலும் ஈடுபாடுடையவர். கென்ரக்கி மாநிலத்து மாமத் குகையைத் தழுவி, 1970களின் நடுப்பகுதியில் அவர் 'அட்வென்சர்' என்னும் சொல்விளையாட்டை ஆக்கினார். 1977ஆம் ஆண்டில் டொன் வூட்ஸ் என்பவர் அதனை விரித்தமைத்தார். திரையில் படம் எதுவும் இல்லை. இருக்கும் இடத்தை எழுத்து விவரிக்கும். செய்ய நினைப்பதை ஆட்டக்காரர் சொல்லாகத் தட்டெழுத வேண்டும். குகையில் ஒருவர் ஓரிடத்திலேயே நெடுநேரம் திண்டாடினால், விளையாட்டு அதனை உணர்ந்து, குறிப்பு வேண்டுமா என வினவும். அதனுடன், குறிப்பைப் பெற்றால் இத்தனை புள்ளி கழிக்கப்படும் என்றும் முன்னறிவிக்கும். மொத்தப் புள்ளிகள் 350. குறிப்பின் விலை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வரையான புள்ளிகள்.

அக்குறிப்புக்களின் இயல்பும் கருதத்தக்கது. குகையிலே ஒரு பறவை உண்டு. அதனைப் பிடிக்க வேண்டும். பிடிக்கப் போனால் அது வெருண்டு விலகும். குறிப்பு வேண்டுவோருக்கு, ஏதோவொன்று பறவையை அச்சுறுத்துகின்றது, பின்னர் முயன்று பாரும் என்ற அளவே சொல்லப்படும். அச்சுறுத்துவது எது என்பதை அது சொல்லாது. இங்கும் அதனைச் சொல்லாது விடுதலே முறை.

இதன் பின்னர், 1980களின் தொடக்கத்தில், 'சோர்க்' முதலிய சொல்விளையாட்டுக்களுக்குத் துணையாக 'இன்விசிக்குளூஸ்' என்னும் சிறு நூல்கள் வெளிவந்தன. அந்நூல்களில் வினாக்கள் கண்ணுக்குத் தெரியும். விடைகளோ மறைமையால் அச்சிடப்பட்டிருக்கும். நூலுடன் கிடைக்கும் தனிப் பேனாவால் உரசினால் மட்டுமே எழுத்துத் தோன்றும். ஒரு வினாவுக்கு ஒரே விடை இராது. வரிசையாகப் பல விடைகள் இருக்கும். முதலாவது இலேசான சாடை; அடுத்தது அதனினும் தெளிவானது; இறுதியானதே முழுவிடை. போதும் என்று தோன்றிய இடத்தில் வாசிப்பவர் நிறுத்திக்கொள்ளலாம். வினாக்களை வாசித்தே கதையை ஊகித்துவிடாதிருக்கும் பொருட்டு, விளையாட்டில் இல்லாத பொருள்களைப் பற்றிய போலி வினாக்களும் இடையிடையே செருகப்பட்டிருந்தன. அதே தசாப்தத்தின் பிற்பகுதியில் அமெரிக்காவிலுள்ள நின்டென்டோ நிறுவனம் தொலைபேசி ஆலோசகரை அமர்த்தியது. ஆட்டத்தில் வழிதெரியாது நின்ற சிறுவர் தொலைபேசியில் அழைத்து அவர்களிடம் வழி கேட்டனர்.

இவற்றால் அறியக்கிடப்பது யாதெனின், விளையாட்டை ஆக்கியோர் வழிகாட்டியைப் பகையாகக் கருதவில்லை என்பதே. ஆனால் அதற்கு மூன்று வேலிகளை இட்டனர். கேட்டால் மட்டுமே கொடுத்தனர். சிறிது சிறிதாகக் கொடுத்தனர். சில வேளைகளில் அதற்கொரு விலையும் வைத்தனர். அக்காலத்து ஆட்டக்காரர் பெரும்பாலும் தனித்தே ஆடினர் என்பதும் நினைவில் இருத்தற்குரியது. ஒருவர் குறிப்பைப் பார்த்தாலும் பாராவிட்டாலும் அயலாருக்கு அதனால் நட்டமில்லை.

பலர் கூடி ஆடும் விளையாட்டில் நிலைமை வேறு. 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ரப்ஷோ என்னும் மாணவர் 'மட்' என்னும் பலர் கூடும் கற்பனையுலகை ஆக்கத் தொடங்கினார். றிச்சட் பாட்டில் என்பவர் அதனை வளர்த்தார். அவ்வுலகில் ஆடியோரை நெடுங்காலம் கவனித்த பாட்டில், 1996இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், ஆட்டக்காரரைச் சீட்டுக்கட்டின் நான்கு இனங்களுக்கு ஒப்பிட்டு நான்கு வகுப்பாகப் பிரித்தார். எய்துவதில் இன்பங் காண்போர் ஒரு வகையினர். தேடிக் காண்பதில் இன்பங் கொள்வோர் இன்னொரு வகையினர். பிறரோடு அளவளாவ வருவோர் மூன்றாம் வகையினர். பிறரை அடக்கி வெல்ல விரும்புவோர் நான்காம் வகையினர்.

இப்பகுப்பு வழிகாட்டி பற்றிய வழக்கைத் தெளிவாக்குகின்றது. எய்த விரும்புவோனுக்கு வழிகாட்டி ஏணி; அவன் அதனை மகிழ்ந்து ஏற்பான். வெல்ல விரும்புவோனுக்கு அது படைக்கலம். தேடிக் காண விரும்புவோனுக்கோ அது களவு. அவன் தேட வந்த பொருளை யாரோ அவனுக்கு முன் எடுத்து அவன் கையில் திணிப்பதற்கு ஒப்பானது. ஒரே குறிப்பு ஒருவனுக்கு உதவியாகவும் மற்றொருவனுக்கு இழப்பாகவும் அமைவதால், இருவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாது வாதிடுகின்றனர். அளவளாவ வருவோனின் நிலை எத்தகையது? அவனுக்கு வழிகாட்டியால் இழப்பொன்று உண்டு. அது எளிதிற் புலப்படாதது.

'வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ட்' என்னும் விளையாட்டு 2004ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வட அமெரிக்காவில் வெளிவந்தது. இணைய விளையாட்டுக்களுள் பெரும்புகழ் பெற்றது அது. அதன் பாரன்ஸ் என்னும் வறண்ட நிலத்தில் மன்கிரிக் என்றொரு வீரன் நிற்பான். போரில் காணாமற்போன தன் மனைவியைத் தேடித் தருமாறு அவன் வழிச்செல்வோரை வேண்டுவான். அவள் எங்கே என்பது படத்திற் குறிக்கப்படவில்லை. பரந்த வெளியில் அலைந்து களைத்தவர்கள், அந்நிலத்திலுள்ளார் யாவரும் கேட்கக்கூடிய பொதுப்பேச்சு வழியில், மன்கிரிக்கின் மனைவி எங்கே எனக் கேட்டனர். நாள்தோறும் கேட்டனர், ஆண்டுக்கணக்காகக் கேட்டனர். சிலர் விடை கூறினர். சிலர் கேலி செய்தனர். சிலர் வாரும் என்று அழைத்துச் சென்றே காட்டினர். அக்கேள்வி அவ்விளையாட்டின் பழமொழி போலாயிற்று.

2009ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் தேடற்பணிகளின் இடங்களைப் படத்திலேயே காட்டும் ஏற்பாட்டை நிறுவனத்தார் விளையாட்டினுள் சேர்த்தனர். அதற்கு முன்னரே ஆட்டக்காரர் தாமே ஆக்கிய துணைநிரல்கள் அவ்வேலையைச் செய்துவந்தன. வீண் அலைச்சல் ஒழிந்தது. பலர் நன்றி கூறினர். ஆனால் வழி தெரியாமையே அயலாரோடு பேசுதற்கு வாயிலாக இருந்தது என்பதும் அதன் பின்னரே பலருக்குப் புலனாயிற்று. ஊருக்குப் புதியவன் தெருச் சந்தியில் நின்று வழி கேட்கும்போது இரு மனிதருக்கிடையே ஓர் உறவு முளைக்கின்றது. கையிலே படம் இருந்தால் அவன் எவரையும் பாராமற் சென்றுவிடுவான். அவனுக்குக் காலம் மிச்சம். சந்திக்குப் பேச்சு நட்டம்.

வழிகாட்டியின் வலிமையை அளந்து காட்டும் நிகழ்ச்சியொன்றும் அதே விளையாட்டில் நடந்தது. எரிமலையின் அடியிலுள்ள குகையொன்றில் ரக்னரோஸ் என்னும் நெருப்பரக்கன் உறைவான். அவனை எதிர்க்க நாற்பதின்மர் வரை ஒருங்கு திரளலாம். விளையாட்டு வெளிவந்த பின் அவன் முதன்முறையாக வீழ்த்தப்பட்டது 2005ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில். அதாவது ஏறத்தாழ ஐந்து மாதங்கள் கழிந்த பின்னர். 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், பழைய விளையாட்டை விரும்பினோருக்காக நிறுவனத்தார் அதன் பழைய வடிவத்தை மீண்டும் வெளியிட்டனர். இம்முறை யாவரும் முதற்படியிலிருந்தே தொடங்கினர். அதே குகை, அதே அரக்கன். ஒரு வாரம் நிறைவதற்குள் அவன் வீழ்ந்தான்.

இவ்வேறுபாட்டுக்கு வழிகாட்டி ஒன்றே காரணம் எனக் கூறுதல் நேர்மையாகாது. மீள வெளியிடப்பட்ட வடிவம் 2006ஆம் ஆண்டுப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. அதில் வீரரின் ஆற்றல்கள் 2005இல் இருந்தவற்றினும் சீர்செய்யப்பட்டிருந்தன. கணினிகளும் இணையத் தொடர்புகளும் இடைக்காலத்தில் விரைவு பெற்றன. ஆயினும் தலையாய காரணம் அறிவின் திரட்சியே என்பதில் ஐயமில்லை. பதினைந்து ஆண்டுகளாகப் பல்லாயிரவர் தோற்றும் வென்றும் எழுதிவைத்த குறிப்புக்கள் அனைத்தும் 2019இல் ஆடியோரின் கையில் இருந்தன. எந்தப் பணியை முதலிற் செய்வது, எந்தப் பாதையில் விரைவது, எந்த ஆயுதம் சிறந்தது என்பன யாவும் முன்பே தீர்ந்த கணக்குக்கள்.

இங்கு வியப்பானதொன்று உண்டு. மீள வந்த பழைய வடிவத்தில், படத்தில் இடங்காட்டும் ஏற்பாட்டை நிறுவனத்தார் வைக்கவில்லை. அரக்கரின் தந்திரங்களை விவரிக்கும் குறிப்பேடு ஒன்று 2011ஆம் ஆண்டில் புதிய விளையாட்டுக்குள் சேர்க்கப்பட்டிருந்தது. அதனையும் பழைய வடிவத்தில் வைக்கவில்லை. பழைய அறியாமையைத் திருப்பித் தருவதே எண்ணம். ஆனால் வீட்டினுள் இல்லாத ஏணியை ஆட்டக்காரர் வெளியிலிருந்து தாமே கொணர்ந்து சாத்தினர். விளையாட்டை மீட்டுக் கொடுக்க முடிந்தது; அறியாமையை மீட்டுக் கொடுக்க முடியவில்லை.

அவ்வாறாயின் வழிகாட்டி அறைகூவலைக் கொன்றுவிட்டது என முடிவு கூறலாமா? மற்றொரு சான்று அதனைத் தடுக்கின்றது. அதே விளையாட்டின் புதிய வடிவத்தில், 2017ஆம் ஆண்டில், கில்யேடன் என்னும் அரக்கனை மிகக் கடிய நிலையில் இருபதின்மர் எதிர்க்க வேண்டியிருந்தது. அவனுடைய தந்திரங்களுட் பெரும்பாலானவை விளையாட்டினுள் இருந்த குறிப்பேட்டிலேயே எழுதப்பட்டிருந்தன. உலகில் முதன்முதல் அவனை வீழ்த்திய 'மெதட்' என்னும் குழு, அதற்கு முன் அறுநூறு தடவைக்கு மேல் தோல்வியுற்றது. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டாற்போன்ற தேர்ச்சியாளர் அவர்கள். என்ன வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை இருபது பேரும் ஒரே கணத்தில், ஒருவர் பிழையும் இன்றி, பல நிமிட நேரம் செய்து முடிப்பதே அரிதாயிற்று.

ஆகவே இடர் என்னும் ஒரே சொல்லுக்குள் மூவகை இடர்கள் அடங்கியிருக்கக் காண்கின்றோம். மறைபொருளைக் கண்டறியும் இடர் ஒன்று; அறிந்ததைச் செய்து முடிக்கும் இடர் மற்றொன்று; எதிரே நின்று சிந்திக்கும் மனிதனை வெல்லும் இடர் மூன்றாவது. முதலாவதை வழிகாட்டி அழித்துவிடும். இரண்டாவதை அது தொடமாட்டாது. இசைத்தாளைக் கையிற் கொடுத்த மாத்திரத்தில் ஒருவன் வயலின் வாசித்துவிட மாட்டான். மூன்றாவதையோ வழிகாட்டி சில வேளைகளிற் கூட்டவும் செய்யும்; இருவரும் ஒரே நூலைப் படித்தவராயின், படித்ததற்கு அப்பாற் செல்பவனே வெல்வான். 'டோட்டா 2' என்னும் போட்டி விளையாட்டில், எந்த வீரன் எப்பொருளை எவ்வொழுங்கில் வாங்க வேண்டும் என ஆட்டக்காரர் எழுதிய குறிப்புக்கள் விளையாட்டின் உள்ளேயே காட்டப்படுகின்றன. அவற்றைப் பார்த்தாடுவோரே இரு பக்கத்திலும் இருக்கக்கூடும். ஆயினும் தோல்வி ஒரு பக்கத்துக்கு உண்டு.

சதுரங்கம் இதற்குப் பழைய சான்று. தொடக்கக் காய்நகர்த்தல்களைப் பற்றிய நூல்கள் பல நூற்றாண்டுகளாக எழுதப்பட்டு வருகின்றன. அதனாற் சதுரங்கம் அழிந்துவிடவில்லை. எனினும் மனப்பாடம் ஆட்டத்தை விழுங்குகின்றது என்று முன்னாள் உலக வாகையர் பொபி பிஷர் மனம் வருந்தினார். முதல் வரிசைக் காய்களைக் குலுக்கல் முறையில் 960 வகையாக அடுக்கி ஆடும் புதிய ஒழுங்கை 1996இல் அவர் முன்வைத்தார். 2019இல் அவ்வகை ஆட்டத்துக்கு உலக வாகைப் போட்டியும் நடந்தது. வெஸ்லி சோ வென்றார். நூலை எரிக்காமலே நூல் செல்லாத நிலமொன்றைப் பிஷர் வகுத்தார் எனலாம்.

இனி, வழிகாட்டியால் விளையும் மெய்யான தீங்கு எங்கே உள்ளது என்பதைக் காண்க. அது குறிப்பில் இல்லை. குறிப்பைப் பார்த்தேயாக வேண்டும் என்னும் கட்டாயத்தில் உள்ளது. நாற்பதின்மரோ இருபதின்மரோ ஐவரோ கூடி ஆடும்போது, ஒருவர் அறியாமை ஏனையோரின் மாலைப்பொழுதைப் பாழாக்கக்கூடும். ஆதலால் குழுவினர், வருமுன் படித்துவிட்டு வாரும் என்கின்றனர். இது நியாயமே. ஆனால் காலப்போக்கில் இந்நியாயம் கடுமையாகி, படியாது வந்த புதியவனை ஏளனஞ் செய்தலும், ஒருமுறை தடுமாறியவனைக் குழுவினின்று நீக்குதலும் வழக்கமாகின்றன. தேடிக் காணும் இன்பத்தை நாடி வந்தவனுக்கு அங்கே இடமில்லாமற் போகின்றது. அவன் குறிப்பைப் பார்க்க மறுத்தால் தனியனாவான். பார்த்தால் தான் வந்த காரணத்தையே இழப்பான். செவி பொத்திய பிள்ளையின் கைகளைப் பிடித்திழுத்து விடையைக் கேட்பித்தல் போன்றது இது.

இன்னொரு புறமும் உண்டு. 1985ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் ஜோன் சுவெல்லர், கிரகம் கூப்பர் என்னும் ஆய்வாளர் இருவர் அட்சரகணிதம் கற்கும் மாணாக்கரைச் சோதித்தனர். புதிய வகைக் கணக்குக்களைத் தாமாகவே போராடிச் செய்தவரிலும், செய்துகாட்டிய கணக்குக்களைப் படித்தவர், அவ்வகைக் கணக்குக்களைப் பின்னர் விரைவாகவும் பிழை குறைத்தும் செய்தனர். தொடக்கநிலையில் உள்ளவனைக் கடலில் தள்ளிவிட்டு நீந்தக் கற்பித்தல் சிறந்த முறையன்று என்பது இதனால் தெளிவாகும். ஆனால் தேர்ச்சி வளர வளர, செய்துகாட்டிய கணக்கு பயன்படாது, சில வேளைகளில் இடையூறாகவும் மாறும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நடை பழகும் குழந்தைக்குப் பிடித்துக்கொடுத்த விரல், நடக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தளையாகும். வழிகாட்டி நன்றா தீதா என்பதைப் பார்ப்பவன் எந்தப் படியில் நிற்கின்றான் என்பதும் தீர்மானிக்கின்றது.

இவ்வுண்மையை உணர்ந்து அமைக்கப்பட்ட வழிகாட்டிகள் இன்று இல்லாமலில்லை. சிறுவரும் பெரியவரும் ஆடும் 'மைன்கிராப்ட்' என்னும் விளையாட்டில், மரம், கல் முதலியவற்றைச் சேர்த்துப் புதிய பொருள்கள் ஆக்க வேண்டும். எதனோடு எதனைச் சேர்ப்பது என்பதைப் பல ஆண்டுகள் விளையாட்டு சொல்லித் தரவில்லை. ஆடுவோர் வெளியே தேடியே அறிந்தனர். 2017இல் செய்முறை ஏடொன்று அதனுள் சேர்க்கப்பட்டது. எல்லாச் செய்முறையும் முதல் நாளிலேயே அதில் விரிந்து கிடப்பதில்லை. ஒரு மூலப்பொருள் கைக்கு வர, அதற்குரிய பக்கம் திறக்கின்றது. 2009இல் வெளிவந்த மரியோ விளையாட்டொன்றில், ஓரிடத்தில் எட்டுத் தடவை வீழ்ந்தவனுக்கு மட்டும் ஒரு பச்சைப் பெட்டி தோன்றும். அதனைத் தட்டினால் வேறொருவன் அப்பகுதியைக் கடந்து காட்டுவான். தட்டாமலும் விடலாம்.

'எல்டன் ரிங்' என்னும் 2022ஆம் ஆண்டு விளையாட்டில் இன்னொரு வழி காணப்படுகின்றது. 2009இல் 'டீமன்ஸ் சோல்ஸ்' என்னும் முன்னோடி விளையாட்டிற் தொடங்கிய வழக்கம் அது. முன்சென்ற ஆட்டக்காரர் நிலத்தில் செய்தி எழுதி வைக்கலாம். தாம் நினைத்தவாறன்று, தரப்பட்ட சில சொற்களைக் கோத்தே எழுதலாம். பின்வருவோர் அதனை வாசித்து நன்றெனப் பாராட்டினால், எழுதியவர் எங்கோ ஆடிக்கொண்டிருக்கையில் அவருடைய உடல்நலம் ஓரளவு மீளும். செய்திகளுட் சில உண்மை, சில குறும்பு. நம்புவதா விடுவதா என்பதை வாசிப்பவரே ஆராய வேண்டும். வழிகாட்டி இங்கே ஆட்டத்துக்கு வெளியே நில்லாது ஆட்டத்தின் ஒரு பகுதியாகிவிட்டது.

'வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ட்' விளையாட்டிலும் 2025ஆம் ஆண்டில் புதிய துணையொன்று வந்தது. போரில் அடுத்துச் செய்ய வேண்டியதை அது ஒளியூட்டிக் காட்டும். விரும்பினால் ஒரே விசையை அழுத்த, ஏற்றதை அதுவே தெரிந்து செய்யும். ஆனால் ஒரே விசையால் ஆடுவோருக்கு ஒவ்வொரு செயலிலும் சிறு தாமதம் விதிக்கப்பட்டுள்ளது. கை வலுவற்றோரும் புதியோரும் அதனால் ஆட்டத்துட் புகலாம். தாமே தெரிந்து ஆடுவோரின் தேர்ச்சிக்கும் மதிப்புக் குறையாது. 1977இல் குகை விளையாட்டு குறிப்புக்குப் புள்ளியை விலையாகக் கேட்டது. ஐம்பது ஆண்டு அணுகும் வேளையில் இது காலத்தை விலையாகக் கேட்கின்றது. பழைய வேலி மீண்டும் இடப்பட்டுள்ளது.

வழக்கின் தீர்ப்பு இனி அரிதன்று. கேட்டபோது வருவதும், அளவாக வருவதும், பார்ப்பவனுக்குச் செய்ய ஏதேனும் மிச்சம் வைப்பதுமான வழிகாட்டி அறைகூவலைக் கெடுப்பதில்லை. அதனிடம் ஆட்டக்காரனைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. கேளாமல் வருவதும், முழுவதையும் ஒருங்கே கொட்டுவதும், பாராதவனைத் தள்ளிவைப்பதற்குக் கருவியாவதுமான வழிகாட்டியே கெடுக்கின்றது. தேடிக் காணும் இன்பம் ஒருமுறைக்கே உரியதாதலால், அதனைச் செலவிடும் உரிமை அதற்கு உடையவனிடமே இருத்தல் வேண்டும்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கணித நூலின் கடைசிப் பக்கங்களில் விடைகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. கணக்கைச் செய்து முடித்த பின் அப்பக்கத்தைப் புரட்டும் மாணாக்கனும் உளன்; வினாவை வாசிக்குமுன் புரட்டும் மாணாக்கனும் உளன். இருவரும் எழுதும் விடை ஒன்றே. இருவரிடத்தும் வளர்வது ஒன்றன்று. பிள்ளை விளையாட்டில் வழிகாட்டியைத் திறந்து வைத்திருக்கக் கண்டால், ஏன் பார்த்தாய் என்று கடிவதிலும், பார்க்குமுன் எத்தனை தடவை முயன்றாய் என்று வினாவுதல் நன்று. மூன்று தடவை முயன்று, எங்கே தவறியது என்பதையும் அறிந்து, அதன் பின் குறிப்பை நாடினேன் என்று அப்பிள்ளை சொல்லுமாயின், அது விளையாட்டிற் கற்றது வீணாகாது. வாழ்க்கையிலும் துணை கேட்க வேண்டிய வேளை எதுவென அறிதல் ஒரு கல்வியே.

புதியவனைத் தம் குழுவிற் சேர்த்துக்கொள்ளும் தேர்ந்த ஆட்டக்காரரும் ஒன்றை நினைவிற் கொள்ளலாம். ஒரு மாலைப்பொழுதில் ஒரு தோல்வியைப் பொறுத்துக்கொண்டு, அவனே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருத்தல் அவர்களால் இயலாததன்று. தாம் முதன்முதல் அக்குகையுட் புகுந்த இரவை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

திண்ணையிலிருக்கும் ஆச்சிக்கு இவ்வழி தெரியும். விடை கேட்ட பிள்ளையை அருகழைத்து, அதன் காதில் மெல்லச் சொல்கின்றாள். குறிப்புக் கேட்ட பிள்ளைக்குச் சாடையாக ஒரு சொல் உரைக்கின்றாள். செவி பொத்திய பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, "ஆறுதலா யோசி ராசா, நாளைக்குச் சொன்னாலும் போதும்" என்கின்றாள். அந்த நொடி அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஓர் இரவு உயிரோடிருக்கும்.